சுகர் மருந்துக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, பிறகு எதுக்கு இன்சுலினுக்குக் காசு கேக்காங்க?"

அப்பாவுக்காக அலைந்ததில் பதில் கிடைத்தது. அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்து வாங்கும் சிகிச்சைக்கு. மாதாமாத மாத்திரையும் ஊசியும் அதில் வராது. அவை வேறு வழியில் இலவசமாகவே கிடைக்கின்றன. இது தெரியாமல் எத்தனையோ வீடுகளில் கூலிக்காசு மருந்துக்கடைக்குப் போகிறது. அதுதான் எனக்கு ஆற்றாமை.

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சுகர், பிரஷர் போன்றவற்றைப் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவு உண்டு. ஆதாரோடு போய், ரத்தப் பரிசோதனை முடித்து, அப்பா பெயரைப் பதிந்தோம். தனியார் டாக்டரின் சீட்டைக் காட்டி மருந்து கேட்டால் தரவில்லை; அங்குள்ள டாக்டர் பார்த்து எழுதித்தான் கொடுத்தார். தனியாரிடம் அப்பா போட்டது பேனா இன்சுலின். இங்கே குப்பி. அப்பா தயங்கினார். "ஐயா, பயப்படாதீங்க, அளவை டாக்டர் சரியா எழுதித் தருவாங்க" என்று சிஸ்டர் போடும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார்.

குப்பி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அதில் 40 என்று, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட் என்று, இருந்தால் சிரிஞ்சிலும் 40 என்றே இருக்க வேண்டும். அது சிவப்பு மூடி. கடையில் ஆரஞ்சு மூடி போட்ட 100 சிரிஞ்சைத் தந்துவிட்டால், 20 கோடு வரை இழுத்தாலும் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். சுகர் ஏறிக்கொண்டே போகும், காரணமும் புரியாது. வீட்டுக்குக் கொண்டுவரும்போது பிளாஸ்கில் ஐஸ் போட்டு, குப்பியைத் துணியில் சுற்றி வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டு உறைந்தால் அந்த மருந்து வீண்.

அம்மாவுக்கு மாத்திரை மட்டும். அதை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2021இல் தொடங்கிய திட்டம்.

அதற்காக அட்டை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். அப்பாவுக்குக் காலில் புண் முற்றி அறுவைச் சிகிச்சை என்றபோது அந்த அட்டைதான் கைகொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனோம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993க்குக் கூப்பிடலாம், கட்டணமில்லை.

வீட்டில் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் மட்டும் எங்களுக்கு இன்னும் கைக்காசில்தான். இன்சுலின் போடுகிறவர்களுக்காவது அதையும் சேர்த்துத் தரவேண்டும் என்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.