கால்சியத்துக்குப் பின்னால் ஒளிந்த ஆன்டிமனி

பிரான்ஸில் முதுகலை படித்தபோது எனக்கு ஆய்வுக்குக் கிடைத்தது ஒரு பதக்கம். உள்ளங்கையில் பாதிகூட வராது. செம்புத் தகடு, மேலே தங்க முலாம், நடுவில் நீலம், வெள்ளை, பச்சை எனாமல், அதாவது உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டிய வண்ணக் கண்ணாடி. லிமோஜ் நகர வேலை, 1200-ஐ ஒட்டியது என்று அட்டையில் எழுதியிருந்தது. அந்த அட்டையை நம்பலாமா என்பதுதான் கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் பழைய லிமோஜ் எனாமலுக்குச் சேகரிப்பாளர்களிடம் நல்ல கிராக்கி. போலிகளும் ஏராளமாக வந்தன.

அருங்காட்சியகத்தின் நிபந்தனைகள் மூன்று. சுரண்டக் கூடாது, துடைக்கக் கூடாது, கட்டடத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அனுமதி கிடைக்க நாலு மாதம் ஆனது. ஒரு முறை படிவத்தில் ‘எக்ஸ்-கதிர்’ என்ற சொல்லைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். இந்தக் கதிர் பட்டால் பதக்கம் கதிரியக்கப் பொருளாகிவிடாது என்று ஒரு பக்கம் விளக்கி எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது.

முதல் நாள் எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ்-கதிர் ஒளிர்வு ஆய்வு. கைத்துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவி. எக்ஸ்-கதிரை அடித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிரை விடும். கேட்க எளிதுதான். ஆனால் கருவியின் கதிர் விழும் வட்டம் 3 மில்லிமீட்டர், எனாமல் நிரப்பிய பள்ளமோ சில இடங்களில் 2 மில்லிமீட்டர்தான். எங்கே வைத்தாலும் செம்பு வந்து திரையை நிறைத்தது. முலாமில் தங்கத்தோடு பாதரசமும் தெரிந்தது. பாதரசத்தில் கரைத்துப் பூசிச் சூடுகாட்டும் பழைய முறை அது. ஆனால் அது 19ஆம் நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்ததால் வழக்கு தீரவில்லை.

அப்புறம்தான் நான் சறுக்கினேன். வெள்ளை எனாமலை ஒளிபுகாமல் ஆக்கியது எது என்பதில்தான் காலம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு லிமோஜ் எனாமலில் பெரும்பாலும் ஆன்டிமனி என்ற தனிமம் இருக்கும். காரணம், அது ரோமானியர் காலத்துக் கண்ணாடி. பழைய கட்டடங்களின் மொசைக் சில்லுகளைப் பொறுக்கி எனாமலுக்கு உருக்குவார்கள் என்று 12ஆம் நூற்றாண்டுத் துறவி தியோஃபிலஸே எழுதி வைத்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் தகர ஆக்சைடு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நான் பார்த்த வரைபடத்தில் இரண்டுமே இல்லை, கால்சியம் மட்டும் கொழுத்துப் போய் நின்றது. ‘போலி போலத்தான் தெரிகிறது’ என்று குறிப்பேட்டில் எழுதியே விட்டேன்.

மாலையில் வழிகாட்டி எட்டிப் பார்த்தார். “எத்தனை கிலோவோல்ட் வைத்தாய்?” பதினைந்து என்றேன். பெருமூச்சு விட்டார். ஆன்டிமனியின் ஒரு கோடு 3.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழும், கால்சியத்தின் கோடு 3.7-இல். கண்ணாடியில் கால்சியம் எப்போதும் இருக்கும். பக்கத்தில் நிற்கும் ஆன்டிமனி அதற்குள் மறைந்துவிடும். தெளிவான கோடு 26-இல்தான் இருக்கிறது, அதை எழுப்ப 15 கிலோவோல்ட் போதாது. 40-க்கு ஏற்றி, பத்து நிமிடம் காத்திருந்தோம். 26-இல் ஒரு சின்ன மேடு மெல்ல எழும்பியது. குறிப்பேட்டில் அந்த வரியை அடித்தேன்.

மறுநாள் அங்கேயே கீழ்த்தளத்தில் இருந்த ராமன் நுண்ணோக்கி. லேசரை அடித்து, சிதறி வரும் ஒளியை வைத்து எந்தப் படிகம் என்று சொல்லும் கருவி. அதை இயக்குபவர் அந்தப் பெயரை எக்ஸ்ஆர்எஃப் போல ஏதோ சுருக்கெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தார். திருச்சியில் பிறந்த ஒரு மனிதரின் பெயர், 1928-இல் கண்டுபிடித்தது என்று சொன்னபோது எனக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. லேசர் பட்டதும் அது இறங்கிவிட்டது. யாரோ எப்போதோ பூசிய மெழுகு ஒளிர்ந்து, வரைபடம் முழுக்க ஒரே மலைச்சரிவு. துடைக்கவும் கூடாது. நுண்ணோக்கியில் ஓரம் ஓரமாகத் தேடி, வெள்ளையில் மெழுகு படாத ஒரு சில்லு பெயர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். லேசரின் திறனை மிகக் குறைத்து வைத்தோம், சூட்டில் எதுவும் மாறிவிடக் கூடாதே. அலை எண் 670-இல் கூர்மையாக ஒரு முகடு: கால்சியம் ஆன்டிமனேட் படிகம், பழைய கண்ணாடியை ஒளிபுகாமல் ஆக்கிய அதே ஆன்டிமனி.

நீலத்திலும் அதே கதை. பச்சையில்தான் இடறியது. எக்ஸ்ஆர்எஃப் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால் குரோமியம் நிமிர்ந்து நிற்கிறது. குரோமியத்தை ஒரு தனிமமாகக் கண்டறிந்ததே 1797-இல்தான். இடைக்காலப் பச்சைக்கு நிறம் தந்தது செம்பு. ஆக, பதக்கம் பழையது, பச்சை மட்டும் பிற்காலத்தில் யாரோ நிரப்பிய ஒட்டு. எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தார்கள் என்றால், நுண்ணோக்கியில்கூட விளிம்பு தெரியவில்லை.

அறிக்கையைப் படித்து முடித்த காப்பாட்சியர் கொஞ்ச நேரம் பதக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அந்தப் பச்சைதான்” என்றார்.