டீக்கடைப் பேச்சில் எது கோபம், எது கசிவு?

பச்சைத்தேயிலை விலை இறங்கிய வாரம் நீலகிரி மாவட்டக் கூடலூர் டீக்கடையில் உட்கார்ந்தால், "இந்த பேக்டரிய கொளுத்தணும்" என்று நாலு பேராவது சொல்வார்கள். பிரிவு 17 நிலப் பேச்சை (ஜன்மி எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் உரிமைச் சிக்கலில் கிடக்கும் நிலம்) எடுத்தால் இன்னும் சூடு ஏறும். வன்முறைக்குத் தயாராகிறவரை முன்கூட்டியே கண்டுபிடிக்க வந்து, இதையெல்லாம் தீவிரவாதம் என்று குறித்துக்கொள்கிறவரிடம் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கணக்கும் உதைக்கும். 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மக்கள்தொகை 7,35,394. அதில் 10 பேர் வன்முறைக்குத் தயாராகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 பேர் விஷயத்தில் சரியாகச் சொல்லும் சோதனையே இருந்தாலும் (அப்படி எதுவும் கிடையாது), ஒன்றும் அறியாத ஏறக்குறைய 7,350 பேர் சேர்ந்து மாட்டுவார்கள். சாதி, மதம், தாடி, கட்சிக்கொடி எதுவும் இங்கே உதவாது. நடத்தையில் வந்த மாற்றத்தைத்தான் பார்க்கவேண்டும்.

தனியாளாகத் தாக்கிய, தாக்கத் திட்டமிட்ட 119 பேரை, பால் கில், ஜான் ஹோர்கன் என்ற ஆய்வாளர்களின் குழு ஆராய்ந்தது. ஆய்வு 2014-ல் வந்தது. ஏறக்குறைய 64 சதவீதம் பேரின் நோக்கம் வீட்டாருக்கோ நண்பர்களுக்கோ முன்பே தெரியும். அவர்களே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள். இதற்குத்தான் கசிவு என்று பெயர்.

கோபம் கடைவாசலில் கத்தும், விலை ஏறினால் அடங்கும். கசிவு பெரும்பாலும் நெருங்கிய ஒருவரிடம் வரும்: "இனிப் பேசி ஒண்ணும் ஆகாது. அடுத்த மாசம் பேப்பர்ல பாரு." சொன்னவன் கூடவே பழைய கடனை அவசரமாக அடைப்பான், பைக்கைத் தம்பி பேருக்கு மாற்றுவான், எங்கோ காவலர் மாறும் நேரத்தை விசாரிப்பான். இதில் ஒன்று மட்டும் என்றால் பொருட்டில்லை. சில வாரத்துக்குள் இரண்டு மூன்று சேர்ந்தால் நோட்டை எடுங்கள்.

நோட்டில் தேதி, சொன்ன சொல் அப்படியே, நேரில் கேட்டதா பிறர் சொல்லிக் கேட்டதா என்பது. "தீவிரமாயிட்டான்" என்று எழுதாதீர்கள், அது உங்கள் தீர்ப்பு. கேள்விப்பட்டதைத் தனியே வைக்காவிட்டால் ஒரே பேச்சு மூன்று வாய் மாறி மூன்று சாட்சியாகிவிடும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

நாள், இடம், ஆயுதம் என்று பேச்சு வந்துவிட்டால் நோட்டெல்லாம் அப்புறம். அந்த நிமிஷமே 112.

அதற்கு முந்தைய கட்டத்தில் காரியம் கெடுவது பெரும்பாலும் ஒரே கேள்வியால். மகனைப் பற்றிச் சொல்ல வந்த அம்மாவிடம் எடுத்தவுடன், "இத்தனை நாளா ஏன் சொல்லல?" அடுத்த வீட்டு அம்மா வரவே மாட்டார். முதலில் அவரை உட்காரவைத்து, பையன் கடைசியாக எப்போது வீட்டில் சாப்பிட்டான் என்று கேளுங்கள். மற்றதை அவரே சொல்வார்.