மாமாவுக்குள் ஒரு குடித்தனக்காரன்

தர்மபுரியில் ஒரு ஐசியுவில் மாமா பன்னிரண்டு நாள் இருந்தார். நிமோனியா. கொஞ்சம் தேறியபோது நர்ஸ் வந்து ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுத்தார். அத்தைக்குக் கோபம்: "சளிக்கு வந்தவருக்கு அங்க எதுக்கு டெஸ்ட்டு?"

முடிவு வந்தது. குடலில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, மெரோபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்குக்கே அசையாத ரகம்.

ஆனால் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இல்லை. இது நோய் இல்லை, கிருமி குடியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். வீரியமான ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடுகிறது. காலியான இடத்தில் இது பெருகிவிடுகிறது. அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கோ நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ போனால்தான் வினை. அப்போது கைவசம் இருப்பது மிகச் சில மருந்துகள். அதில் ஒன்றான கொலிஸ்டின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதைத்தான் நாம் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2019இல்தான் தடை வந்தது.

"அப்ப மருந்து போட்டுக் கொல்லுங்க" என்றார் அத்தை. நோயில்லாமல் மருந்து கொடுத்தால் இன்னும் முரண்டு பிடிக்குமாம். பக்கத்துக் கட்டிலுக்குத் தாவாமல் இருக்க கையுறை, கைகழுவல், தனி இடம். சரி.

வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் இருக்கலாமாம். அத்தை கழிப்பறை வாசலில் புது சோப்போடு காவல் நிற்கிறார். மாமாவோ பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "உள்ள ஒருத்தன் வாடகை தராம இருக்கான்" என்கிறார்.