ஸ்கோரில் எழுதியது ஒலியாகும்போது

கீபோர்டில் ஸ்டிரிங்ஸ் (வயலின் குடும்பக் கருவிகள்) ஒலியை வைத்து இரண்டு கையாலும் கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக) பிடித்தால் பிரம்மாண்டமாகத்தான் கேட்கும். அதையே நோட்டேஷன் மென்பொருளில் (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்) கருவிக்கு ஒரு வரியாக எழுதும்போதுதான் வியோலாவுக்கு (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) வேலையே தரவில்லை என்பது தெரியவரும். 16 வயலின் சேர்ந்த சாம்பிளில் (பதிவு செய்து வைத்த கருவி ஒலி) மூன்று ஸ்வரங்களை ஒன்றாக அழுத்தினால் 48 பேர் வாசிப்பதாகிவிடும். யார் எந்த ஸ்வரம் என்பதை ஸ்கோரிலேயே (எல்லாக் கருவிகளின் வரிகளும் உள்ள இசைத்தாள்) பிரித்துவிட வேண்டும்.

மென்பொருளின் பிளேபேக்கை வைத்து சமநிலையை முடிவு செய்யக் கூடாது. புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி அதில் டிராம்போன்களைத் தாண்டியும் கேட்கும், மேடையில் அமுங்கிப்போகும்.

ரெக்கார்டிங் மென்பொருளுக்கு மிடியாக (ஒலியாக அல்ல, எந்த ஸ்வரம் எப்போது என்ற தகவலாக) அனுப்பியதும்தான் உண்மையான வேலை ஆரம்பம். செல்லோவுக்கு நான்கு பார் (தாளக் கட்டம்) நீளும் ஒரு ஸ்லர் (ஸ்வரங்களை இணைத்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு), மெல்லத் தொடங்கி உரக்க முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஸ்வரங்களின் அழுத்தத்தைப் பெரும்பாலான சாம்பிள் லைப்ரரிகள் வெலாசிட்டியால் (கட்டையைத் தட்டும் வேகம்) அல்ல, மாடுலேஷன் வீலால்தான் (கீபோர்டில் உள்ள சிறு சக்கரம்) கட்டுப்படுத்துகின்றன. அந்தத் தகவல் மிடியில் வராவிட்டால், எழுதிய கிரெசெண்டோ (ஒலி படிப்படியாக உரப்பது) ஒரே மட்டத்தில் கிடக்கும். வீலைக் கையால் உருட்டிப் பதிவு செய்வதே நல்லது; மவுஸால் வரைந்த நேர்கோட்டில் வில்லின் எடை தெரியாது. ஸ்வரங்கள் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறாவிட்டால் லெகாட்டோ (இடைவெளியின்றி வாசிப்பது) இணையாது. இணைந்தாலும் தாமதமாக ஒலிக்கும், ஏனென்றால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் ஒலியும் சாம்பிளுக்குள்ளேயே இருக்கிறது. டிராக்கைச் சற்று முன்கூட்டியே தொடங்கும்படி தள்ளினால் சரியாகும். ஸ்டக்காட்டோவுக்கு (ஸ்வரங்களை வெட்டி வெட்டி வாசிப்பது) அவ்வளவு தள்ளல் தேவைப்படாது. அதற்குத் தனி டிராக் வையுங்கள்.

ஸ்கோரைப் பார்த்துக் கையால் வாசித்து ஏற்றுவதானால் கான்சர்ட் பிட்ச்சுக்கு (உண்மையில் ஒலிக்கும் ஸ்வரத்தையே காட்டும் முறை) மாற்றிக்கொள்ளுங்கள். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு எழுதிய சி, பி ஃபிளாட்டாகத்தான் ஒலிக்கும். மாற்றிய பிறகும் டபுள் பாஸ் ஒலிப்பதைவிட ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலேயே எழுதப்பட்டிருக்கும். இதை மறந்தால் பாஸ் செல்லோவோடு ஒட்டிக்கொண்டு அடித்தளமே காணாமல் போகும்.

கலைஞர்களை வைத்து ஒலிப்பதிவு உண்டென்றால் பார் எண்களைக் கட்டாயம் ஒப்பிடுங்கள். கவுண்ட்-இன்னுக்காக (தொடங்கும் முன் தாளம் எண்ணுவது) ரெக்கார்டிங் மென்பொருளில் முன்னால் இரண்டு பார் சேர்த்தால் தாளில் 17, திரையில் 19. "பதினேழிலிருந்து" என்று சொன்னதும் கிளிக் (ஹெட்ஃபோனில் கேட்கும் தாள ஒலி) ஓரிடத்தில், வாசிப்பு ஓரிடத்தில். அந்த இரண்டு பாரை ஸ்கோரிலும் வெற்று பாராக எழுதிவிட்டுப் பார்ட்டுகளை (ஒவ்வொரு கருவிக்குமான தனித் தாள்) அச்சிடுங்கள்.