கதிர்வீச்சுத் திட்டமும் ஏஐ எழுதிய நிரலும்

மருத்துவ இயற்பியலாளர் வேலை என்றால் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். எங்கள் நேரம் பெரும்பாலும் கணினித் திரைக்கு முன்னால்தான் போகிறது. நோயாளியின் சிடி ஸ்கேனில் கட்டி எது, காப்பாற்ற வேண்டிய உறுப்புகள் எவை என்று மருத்துவர் ஒவ்வொரு வெட்டுப் படத்திலும் கோடு போட்டுத் தருவார். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு கதிர் அனுப்புவது என்று திட்டம் போடுவது எங்கள் பொறுப்பு. தொண்டைப் புற்றுக்கு வழக்கமாக 70 கிரே (உடல் வாங்கும் கதிரின் அளவை, அதாவது டோஸை, அளக்கும் அலகு). அதை 35 தவணையாகப் பிரித்து, வாரம் ஐந்து நாள் வீதம் ஏழு வாரம் கொடுப்போம். தண்டுவடம் 45 கிரேயைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம். காதுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் சராசரியை 26-க்குள் வைக்க முயல்வோம். கட்டி பக்கத்திலேயே இருந்தால் அது பல நேரம் முடிவதில்லை.

திட்டம் சரியா என்று பார்க்க டிவிஹெச் என்று ஒரு வரைபடம் உண்டு. ஓர் உறுப்பில் எத்தனை சதவீதம் எவ்வளவு டோஸ் வாங்குகிறது என்பதை ஒரே வளைகோட்டில் காட்டிவிடும். ஆனால் எந்த இடத்தில் என்று சொல்லாது. கட்டியில் ஐந்து சதவீதத்துக்கு டோஸ் குறைகிறது என்றால், அது ஓரத்திலா நடுவிலா என்பதைப் பொறுத்து என் தூக்கம் மாறும். அதற்காகத்தான் சிடி படத்தின் மேல் டோஸை நிறமாகப் பரப்பிப் பார்க்கிறோம்.

திட்டமிடும் மென்பொருள் இதையெல்லாம் காட்டும். ஆனால் அது எங்களுக்காகச் செய்யப்பட்டது. நோயாளியின் குடும்பத்துக்கோ மற்றப் பிரிவு மருத்துவர்களுக்கோ காட்ட எளிய படம் வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. உட்கார்ந்து நிரல் எழுத நேரம் இருந்ததில்லை. சாட்ஜிபிடி போன்ற ஏஐ வந்ததும் முயன்று பார்த்தேன்.

முதலில் படத்தையே வரையச் சொன்னேன். சினிமா போஸ்டர் தரத்தில் வந்தது. கழுத்துக்குள் நீல ஒளி பாய்கிறது, கட்டி தகதகக்கிறது. அதில் ஓர் எண்கூட உண்மையில்லை. அன்றைக்கே அந்த வழியை மூடிவிட்டேன். அப்புறம் டைக்காம் கோப்புகளை (ஸ்கேனும் டோஸும் சேமிக்கப்படும் மருத்துவக் கோப்பு வகை) படித்து டோஸைச் சிடி மேல் பொருத்தும் பைத்தான் நிரலை மட்டும் கேட்டேன். படம் வரையும் வேலையை நம் தரவு செய்யட்டும், அதற்கான தூரிகையை ஏஐ செய்து தரட்டும் என்பதுதான் இன்றுவரை என் நிலை.

நிரல் சில நிமிடங்களில் வந்தது, ஓடவும் ஓடியது. படமும் அழகாக இருந்தது. ஆனால் தண்டுவடத்தின் மேல் 50 கிரேக்கான நிறம் ஏறியிருந்தது. டிவிஹெச்சோ 45-க்குள்தான் என்கிறது. இரண்டில் ஒன்று பொய். பார்த்தால், சிடி ஒரு வெட்டுக்கு 512-க்கு 512 புள்ளிகள். டோஸ் கட்டம் அதைவிடப் பெரிய புள்ளிகளோடு, சிறிய பரப்புக்கு மட்டும் கணக்கிடப்பட்டது. நிரல் இரண்டும் எங்கே தொடங்குகின்றன என்று கேட்கவே இல்லை. அளவு பார்க்காமல் தைத்த சட்டையை இழுத்துப் பொத்தான் மாட்டியது போல டோஸை நீட்டிச் சிடி மேல் போர்த்திவிட்டது. ஆயத்தொலைவுகள் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கின்றன, அவற்றை எடுத்துப் பொருத்து என்றதும் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சரியாக எழுதியது. அதன்பிறகும் பல புள்ளிகளில் டோஸைத் திட்ட மென்பொருளின் எண்ணோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் நம்பினேன். தண்டுவடத்தின் வரம்பு தெரியாத ஒருவர் கையில் அந்த முதல் படம் கிடைத்திருந்தால் பாராட்டியிருப்பார்.

படம் சரியானதும் வேறு சிக்கல். எங்கள் துறையில் டோஸ் கூடக் கூட நிறம் நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும். கட்டி முழுக்கச் சிவப்பாக இருந்தால் எங்களுக்கு நிம்மதி. ஒரு நோயாளியின் மனைவிக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். "ஏன் தம்பி, இவ்வளவு சிவப்பா இருக்கே, கரண்டு வச்சா உள்ள வெந்துடுமா?" என்றார். வேகாதும்மா என்று சொன்னாலும், வாய்ப்புண் வரும் என்பதை மறைக்க முடியாது. சிகிச்சையின் பாதியிலேயே பெரும்பாலோருக்கு வந்துவிடும். எப்போது தொடங்கும், என்ன சாப்பிடலாம் என்று விளக்கினேன். வண்ணங்களையும் மாற்றினேன்: சாம்பல் சிடி மேல் ஒரே நிறம், டோஸ் கூடும் இடத்தில் அடர்த்தி மட்டும் கூடும். வானவில் நிறங்கள், இல்லாத எல்லையை இருப்பது போலக் காட்டும் என்பதால் எனக்கும் இதுவே பிடித்தது. பரோட்டிட்டை மட்டும் தனிக்கோட்டில் காட்டினோம். வாய் ஏன் வறளும், ஒரு பக்கச் சுரப்பியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த அம்மா அந்தக் கோட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டார்.

தரவு பற்றியும் சொல்ல வேண்டும். பெயரையும் மருத்துவமனை எண்ணையும் நீக்கிவிட்டால் போதும் என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். தலைக் கழுத்து சிடியை முப்பரிமாணமாக்கினால் மூக்கு முழியோடு ஆள் எழுந்து நிற்பார்! அதனால் எந்த ஸ்கேனையும் ஏஐக்கு ஏற்றுவதில்லை. அதனிடம் பேசுவது நிரலைப் பற்றி மட்டும். சோதனைக்குப் பிளாஸ்டிக் பேன்டமின் (உடலுக்குப் பதிலாக வைக்கும் மாதிரி) ஸ்கேன். நோயாளியின் கோப்பு பிரிவின் கணினியை விட்டு வெளியே போகாது. ஒவ்வொரு படத்தின் கீழேயும் 'விளக்கத்துக்கு மட்டும்' என்று அச்சிடுகிறோம். சிகிச்சைக்கான முடிவுகள் எல்லாம் திட்ட மென்பொருளில்தான்.

இப்போது இடது மார்பகப் புற்றுக்கு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஆழ மூச்சிழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும். அதற்கு வரும் டோஸ் குறையும். சாதாரண மூச்சில் ஒரு ஸ்கேன், பிடித்த மூச்சில் ஒரு ஸ்கேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஏஐ எழுதிய முதல் நிரல் இரண்டு ஸ்கேனுக்கும் ஒரே டோஸ் கோப்பைப் போட்டிருந்தது. அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.