15 கிலோமீட்டர் வேகத்தில் தெரிகிற முகங்கள்

வேலைக்குச் சைக்கிளில் போகிற எனக்குப் பெயர் தெரியாத சிநேகிதர்கள் நிறைய. பேச்சு கிடையாது, தலையசைப்போடு சரி. எதிரே நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் ஒருவர்தான் என் கடிகாரம். திருப்பத்துக்கு இந்தப் பக்கமே எதிர்ப்பட்டால் நான் தாமதம். திருப்பம் தாண்டிப் பார்த்தால் சாவகாசமாக மிதிக்கலாம். நடந்து போனால் நின்று நாலு வார்த்தை பேச வேண்டிவரும், காரில் போனால் முகமே தெரியாது. மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 4 மீட்டரும் கொஞ்சமும். அடையாளம் கண்டு, சிரித்து, பேச்சு கொடுக்காமல் தப்பிக்கச் சரியான வேகம்.

ஒரு பேருந்தோடும் பழக்கம் உண்டு. அது என்னை முந்தும், நிறுத்தத்தில் நிற்கும், இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு நான் அதை முந்துவேன், மறுபடி அது. கடைசி சிக்னலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்போம். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார்.

நிற்கும் கார்கள்தான் ஆபத்து. உள்ளே தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே, ஒரு கதவு அகலம் தள்ளிப் போவேன். நெதர்லாந்தில் கதவுக்குத் தள்ளியிருக்கிற கையால் திறக்கச் சொல்லித் தருகிறார்கள். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண்ணும் பின்னால் போகும். செலவே இல்லாத பாதுகாப்பு, ஏன் எல்லா ஊரிலும் பரவவில்லையோ!

துரத்துகிற நாய்க்கு எளிய வழி, இறங்கி நின்றுவிடுவது. சைக்கிள் நடுவில் இருக்கட்டும். ஓடுகிற சக்கரம் நின்றதும் அதற்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது.

எதிர்காற்றிடம் இதெல்லாம் பலிக்காது. 15இல் போகிறவன்மீது 10 கிலோமீட்டர் காற்று எதிரே வீசினால் உடம்புக்கு அது 25. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். அந்த நேரம் பார்த்து எதிர்த்திசையில் ஒருவர் பெடலைத் தொடாமல் மிதந்து வருவார். அவர் சிரிப்பில் கொஞ்சம் இரக்கமும் இருக்கும். மாலையில் நமக்கு என்று நினைத்துக்கொள்வேன். மாலைக்குள் காற்று திசை மாறியிருக்கும்.

ஒருநாள் ஒரு சிறுவன் தன் குட்டி சைக்கிளை நிறுத்திக் கத்தினான்: “பின்னாடி டயர்ல காத்து கம்மியா இருக்கு!” அழுத்திப் பார்த்தேன், உண்மைதான். ஓட்டையே இல்லாவிட்டாலும் டியூப் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டுதான் இருக்கும். 1888இல் காப்புரிமை வாங்கிய டன்லப், காற்றடைத்த டயரை முதலில் செய்ததே மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடத்தான். குழந்தைகளுக்கு இதில் பேச உரிமை உண்டு. அடுத்த முறை எதிர்ப்பட்டபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து நேராகப் பின் டயரைத்தான் பார்த்தான்.