ஐஸ் கட்டி போதாதா டாக்டர்? ஊசி வலிக் கருவிக்கு முதலீடு திரட்டிய வழி

ஊசி போடும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே அதிர்வும் குளிர்ச்சியும் கொடுத்து வலியைக் குறைக்கும் சின்னக் கருவி. இதை எடுத்துக்கொண்டு முதலீட்டாளர் முன் உட்கார்ந்தால், வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வரும் கேள்வி, "ஐஸ் கட்டி வைத்தால் போதாதா டாக்டர்?" என்பதுதான். இதற்கு இரண்டு வரியில் பதில் கையில் இல்லாவிட்டால் மிச்சப் பேச்சு வீண்.

எங்கள் பதில் இது. குளிர் தோலை மரக்கச் செய்ய நேரம் பிடிக்கும். அதிர்வு உடனே வேலை செய்யும். 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாயில் கட்டுப்பாடு' கோட்பாட்டின்படி, தொடுதலையும் அதிர்வையும் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்திக்கான வாயிலை ஓரளவு அடைத்துவிடுகின்றன. இடித்துக்கொண்ட முழங்காலை நாமே தேய்த்துவிடுகிறோமே, அதே சங்கதி. தோலில் அதிர்வை உணரும் பசினியன் நுண்ணுறுப்புகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மிக நுட்பமாக உணர்கின்றன. கைப்பேசிகளில் இருக்கும் காயின் மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் சரியாக 200 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அறிவியல் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நான்காவது ஸ்லைடிலும் நரம்புப் படம் ஓடினால் எதிரே இருப்பவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

அடுத்தது 'பஸ்ஸி'. அட்லாண்டாவில் குழந்தைகள் அவசர சிகிச்சை மருத்துவரான ஏமி பாக்ஸ்டர் உருவாக்கிய தேனீ வடிவக் கருவி; உடம்பு அதிரும், இறக்கை ஐஸ் பேக். அவர் 2014-ல் அமெரிக்காவின் 'ஷார்க் டேங்க்' நிகழ்ச்சியில் முதலீடு கேட்டு, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வெளியே வந்தார். கருவி அதற்குப் பிறகும் விற்பனையில் தொடர்ந்தது. முதலீட்டாளர் இதை இரண்டு நிமிடத் தேடலில் கண்டுபிடித்துவிடுவார். "உலகிலேயே முதல் முறையாக" என்று நம் ஸ்லைடில் இருந்தால் அங்கேயே நம்பிக்கை போயிற்று. மூன்றாவது ஸ்லைடிலேயே பஸ்ஸியையும், தோலில் அழுத்தும் மொட்டை முனைகள் கொண்ட பிளாஸ்டிக் தகடான 'ஷாட்பிளாக்கரை'யும், லிடோகெயின் 2.5%, பிரிலோகெயின் 2.5% என்ற மரக்கும் மருந்துகள் கலந்த எம்லா களிம்பையும் நாமே வைத்துவிட வேண்டும். களிம்பைத் தடவி மூடி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் எந்த ஓ.பி.யிலும் கிடையாது. அந்த ஒரு மணி நேரம்தான் நமக்குக் கிடைத்த இடம்.

கருவியைக் காட்டும்போது முதலீட்டாளர் தன் கையில் வைத்துப் பார்ப்பார். அங்கேதான் சொதப்பல்கள் நடக்கும். இரண்டு ஏஏஏ பேட்டரி புதிதாக இருக்கும்போது 3 வோல்ட் கொடுக்கும், நாள்பட்டால் 2.2-க்கு இறங்கும். மோட்டார் வேகம் குறையும். அதிர்வு விசை வேகத்தின் இருமடி விகிதத்தில் மாறுவதால், வேகம் 20% குறைந்தாலே விசையில் 36% போய்விடும். கைக்கு 'ஏதோ நடுங்குகிறது' என்று மட்டும் தெரியும். வோல்ட்டை உயர்த்தும் ஒரு சின்ன பூஸ்ட் சர்க்யூட் போட்டு 3 வோல்ட்டில் நிலைநிறுத்திய பிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது. லித்தியம் பேட்டரிக்கு ஆசைப்பட வேண்டாம். பேட்டரிப் பாதுகாப்புக்கான ஐஇசி 62133-2 சோதனைச் சான்று, சார்ஜ் ஏறும்போது நோயாளிமேல் இயங்காதபடி பூட்டு, அதற்கான சோதனை என்று செலவு அடுக்கடுக்காக வரும். ஏஏஏ பழைய பாணிதான், ஆனால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

மேலுறையை மென்மையான சிலிக்கானில் வார்த்தால் பார்க்க அழகு. அதிர்வில் பாதியை அதுவே விழுங்கிவிடும். தோல் பக்கம் கெட்டித் தகடு, அதில் மோட்டாரை எபாக்ஸியால் ஒட்டி, மேல்பக்கம் மட்டும் சிலிக்கான் என்று மாற்ற வேண்டியிருந்தது. மோட்டாரோடு வரும் இரட்டைப் பக்க டேப்பை நம்பவே கூடாது. அடுத்து அறுவது சால்டரிங் முனையில் உள்ள மயிரிழை ஒயர். ஒரு சொட்டு பசை வைத்து ஒயரைத் தகட்டோடு பிடித்துவைத்தால் தாங்கும். ஏபிஎஸ் உறையை நாளுக்குப் பலமுறை ஸ்பிரிட்டால் துடைத்ததில் திருகு இறுக்கிய இடங்களில் விரிசல் விட்டது. பாலிபுரொப்பிலீனுக்கு மாறினோம்.

ஐஸ் பேக் தனிக் கதை. கட்டியாக உறைந்திருக்கும்போது அதிர்வைத் தோலுக்கு நன்றாகக் கடத்தும். இளகினால் ஜெல்லே அதிர்வைக் குடித்துவிடும். ஆக, உருகிய பேக் குளிர்ச்சியையும் கெடுக்கும், அதிர்வையும் கெடுக்கும். ஈரம் கசிந்து ஸ்விட்சுக்குள் போகும். ஸ்பிரிட் போட்டுக் காயவைத்த தோலும் திரும்ப நனையும். உறைபெட்டியிலிருந்து எடுத்ததை வெறும் தோலில் வைக்காமல் மெல்லிய உறையோடு வைக்கவும், ஒரே இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றும் பயன்பாட்டுக் குறிப்பில் எழுதினோம். அரிவாள் செல் நோய், குளிரில் விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறையும் ரேனாட் பிரச்சினை உள்ளவர்களுக்குக் குளிர்ப் பகுதி கூடாது என்பதும் அதிலேயே வர வேண்டும்.

வைக்கும் இடம் மாறினால் எல்லாமே பாழ். ஊசி இறங்கும் இடத்துக்கும் மூளைக்கும் நடுவே, அதாவது ஊசிக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே வைக்க வேண்டும். அவசரத்தில் கீழே வைத்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்பார்கள். இரத்தம் எடுக்கும்போது இரத்தக் குழாயின் மேலேயே வைத்தால் குழாய் நழுவும், நர்ஸுக்கு எரிச்சல் வரும். தசை ஊசி என்றால் அரை நிமிடம் ஊசி போடும் இடத்திலேயே வைத்துவிட்டு, ஸ்பிரிட்டுக்கு முன் மேலே நகர்த்துவோம். கருவியிலேயே ஒரு அம்புக்குறி அச்சிட்டதில் பாதித் தவறு குறைந்தது.

இனி தாள்கள். முதலீட்டாளரின் வக்கீல் முதலில் கேட்பது சோதனை முடிவை அல்ல, 'இந்தக் கண்டுபிடிப்பு யாருடையது' என்பதைத்தான். கருவியைக் கண்டுபிடித்த டாக்டர் ஒரு கல்லூரியிலோ மருத்துவமனையிலோ சம்பளத்துக்கு இருந்தால் அந்தப் பணி ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்பு உரிமை பற்றி ஒரு வரி இருக்கும். அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அரசு மருத்துவர் என்றால் துறை அனுமதி இல்லாமல் நகரவே முடியாது. பிறகு டாக்டர் பெயரில் உள்ள காப்புரிமை விண்ணப்பத்தைக் கம்பெனிக்கு எழுத்து மூலம் மாற்றித் தர வேண்டும். விண்ணப்பதாரர் மாற்றத்துக்குப் படிவம் 6. டிசைன் செய்துகொடுத்த ஃப்ரீலான்ஸரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இது கடைசி வாரத்தில் நினைவுக்கு வந்தால் அவர் கேட்கும் தொகை வேறாக இருக்கும்.

காப்புரிமையில் இரண்டு கண்ணிகள். ஒன்று, இந்தியச் சட்டம் பிரிவு 3(i)-ன்படி சிகிச்சை முறைக்குக் காப்புரிமை கிடையாது. 'ஊசிக்கு மேலே வைத்து அதிரச் செய்யும் முறை' என்று எழுதினால் தள்ளுபடி. கருவியின் அமைப்பை, எங்கள் விஷயத்தில் ஐஸ் பேக் பூட்டிக்கொள்ளும் விதத்தையும் அதன் வழியாக அதிர்வு போகும் பாதையையும், கோர வேண்டும். இரண்டு, மாநாட்டில் போஸ்டர் ஒட்டும் பழக்கம். கற்றறிந்தோர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கு இங்கே 12 மாதச் சலுகை உண்டு. வெளிநாடுகள் பலவற்றில் அது செல்லாது. முதலில் தற்காலிக விண்ணப்பம், அப்புறம் போஸ்டர். தற்காலிக விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. வெளிநாட்டில் நேரடியாகப் போட நினைத்தால் இந்தியாவில் முதலில் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்க வேண்டும்.

உரிமம் 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ் வருகிறது. 'வலி குறைக்கும்' என்று பெட்டியில் அச்சிட்ட நொடியே அது மருத்துவக் கருவி. மசாஜர் என்று சொல்லித் தப்ப முடியாது. உடலுக்கு ஆற்றல் செலுத்தும் சிகிச்சைக் கருவிகள், ஆபத்து விளைவிக்கக்கூடியவை தவிர, பொதுவாகக் குறைவு-நடுத்தர ஆபத்துள்ள வகுப்பு பி. சோதனைக்காகத் தயாரிக்க எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-13 உரிமம் பெற வேண்டும். விற்பனைத் தயாரிப்புக்கு எம்டி-3 விண்ணப்பம், தணிக்கை, மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடமிருந்து எம்டி-5. வேறொருவர் ஆலையில் தயாரித்தால் லோன் லைசென்ஸ், எம்டி-4-ம் எம்டி-6-ம். ஐஎஸ்ஓ 13485 தரக் கோப்பு, ஐஎஸ்ஓ 14971 இடர் கோப்பு, ஐஇசி 60601-1 மின் பாதுகாப்பு, தோலில் படுவதால் ஐஎஸ்ஓ 10993 வரிசையில் செல் நச்சு, ஒவ்வாமை, எரிச்சல் ஆகிய மூன்று சோதனைகள். இவற்றை இறுதி அச்சில் வார்த்த துண்டில்தான் செய்ய வேண்டும். 3டி பிரின்ட் துண்டில் செய்த அறிக்கையைக் காட்டினால், பொருள் மாறியதும் மறுபடி முழுச் செலவு.

ஆய்வு பற்றிப் பலர் ஏமாறுவது இங்கே: "முதுநிலை மாணவர் ஒருவரின் தீசிஸாகச் செய்துவிடலாம்." மத்திய அனுமதி தேவையில்லை என்ற கல்விசார் சலுகை, ஏற்கெனவே உரிமம் பெற்ற கருவிக்குத்தான். அந்தத் தரவை உரிம விண்ணப்பத்துக்கும் பயன்படுத்த முடியாது. உரிமம் இல்லாத கருவிக்கு எம்டி-22 விண்ணப்பித்து எம்டி-23 அனுமதி, நெறிமுறைக் குழு ஒப்புதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவு எல்லாம் வேண்டும். பெற்றோர் சம்மதம் தவிர 7 வயதுக்கு மேல் குழந்தையின் இசைவும் தேவை.

எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பது எளிய கணக்கு. குழந்தை முகப் படத்தைக் காட்டி வலியைச் சொல்லும் முக அட்டை அளவுகோலில் 2 புள்ளி வித்தியாசம், திட்ட விலக்கம் 3, அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் திறன் 80% என்று வைத்தால் குழுவுக்கு 36 பேர். விலகுபவர்களையும் சேர்த்தால் 40. ஒப்பீட்டுக் குழு 'ஒன்றும் செய்யாதது' மட்டும் என்றால் போதாது. வெறும் ஐஸ் குழு ஒன்று இல்லாவிட்டால் அந்த முதல் கேள்விக்குப் பதிலே கிடையாது. கருவி அதிர்வது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாருக்கு எது என்று தெரியாமல் நடத்தும் மறைப்பாய்வு முடியாது. அதை நாமே எழுதிவிட்டு, வலியைக் குழந்தை ஒரு பக்கமும் பெற்றோர் ஒரு பக்கமும் குறிக்கச் செய்தோம்.

எவ்வளவு பேசினாலும் கடைசியில் சிக்குவது, 'யார் காசு கொடுப்பார்?' என்பதில்தான். வலிப்பது குழந்தைக்கு, வாங்க வேண்டியது மருத்துவமனை, கூடுதலாக அரை நிமிடம் செலவழிக்க வேண்டியது நர்ஸ். ஆரம்ப சுகாதார நிலையங்களைக் காட்டிப் பெரிய சந்தை எண் போட்டிருந்தோம். அங்கே ஐஎல்ஆர் எனும் ஐஸ் சுவர்க் குளிர்பெட்டியும் டீப் ஃப்ரீசரும் தடுப்பூசிக் குளிர்ச்சங்கிலிக்கு மட்டுமே. நம் ஐஸ் பேக் இறக்கையை உள்ளே வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதிர்வு மட்டும் உள்ள மாடல் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அரசுக் கொள்முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமான டிஎன்எம்எஸ்சி டெண்டர் வழியே. முதல் வருட வருமானத்தில் அதைச் சேர்க்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் என்ற எண்ணையும் நீக்கினோம். 4 மி.மீ. மெல்லிய ஊசிக்கு இப்படி ஒரு கருவி அதிகம். தேறியவை தனியார் குழந்தைகள் நல கிளினிக்குகளும் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் ஆய்வகங்களும். குழந்தை திமிறி மாதிரி கிடைக்காமல் போனால் ஆய்வகத்துக்கு இரண்டாவது பயணச் செலவு. அந்தச் செலவுதான் நமக்கு விலையை நிர்ணயிக்க உதவியது. கருவி வருடக்கணக்கில் உழைக்கும் என்பதால் அதே ஆளிடம் மறுபடி விற்க முடியாது. ஐஸ் இறக்கையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறையும்தான் தொடர் வருமானம்.

பணத்தில் முதல் படி மானியம். மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்ப உதவி நிறுவனமான பைராக்கின் பிக் திட்டம் 50 லட்சம் வரை, 18 மாதம், பங்கு கேட்காது. ஜனவரி 1, ஜூலை 1 என ஆண்டுக்கு இருமுறை திறக்கும். இதில் சோதனைச் செலவை முடித்துக்கொண்டு ஆரம்பக் கட்டத்தில் சொந்தப் பணம் போடும் ஏஞ்சல் முதலீட்டாளர்களிடம் போனால் பேரம் நம் கையில்.

முதலீட்டு நிபந்தனைகளை எழுதும் டெர்ம் ஷீட்டில் மதிப்பீட்டை மட்டும் பார்த்துச் சிரிக்காதீர்கள். உதாரணக் கணக்கு: முதலீட்டுக்கு முந்தைய கம்பெனி மதிப்பு, அதாவது முன் மதிப்பு 6 கோடி, முதலீடு 1.5 கோடி என்றால் முதலீட்டாளருக்கு 20%. 'ஊழியர் பங்கு 10% முதலீட்டுக்கு முன்பே ஒதுக்க வேண்டும்' என்ற வரி சேர்ந்தால் நமக்கு 70% மட்டுமே. உண்மையான முன் மதிப்பு 5.25 கோடி. கம்பெனி 5 கோடிக்கு விற்றால், பங்கேற்காத ஒரு மடங்கு முன்னுரிமையில் (போட்ட பணம் அல்லது பங்கு விகிதம், எது அதிகமோ அது) அவர் எடுப்பது 1.5 கோடி. பங்கேற்பு முன்னுரிமை என்றால் 1.5-ம், மீதி 3.5-ல் 20% ஆன 70 லட்சமும் சேர்த்து 2.2 கோடி. இரண்டுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம்.

'மீதிப் பணம் எம்டி-5 கிடைத்த பிறகு' என்ற நிபந்தனையையும் மாற்றச் சொல்லுங்கள். உரிமம் வரும் தேதி நம் கையில் இல்லை. 'விண்ணப்பமும் தணிக்கையும் முடிந்தால்' என்று எழுதலாம். டாக்டர் முழுநேரம் கம்பெனியில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். கிளினிக் நாட்களை ஒப்பந்தத்திலேயே எழுதி, நடத்துவதற்கு முழுநேர ஆள் ஒருவரைக் காட்டினால் ஒத்துக்கொள்கிறார்கள். விளம்பரத்தில் டாக்டர் முகம் என்று அவர்கள் கேட்டால் மறுத்துவிடுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி மருத்துவர் கருவிக்குக் காப்புரிமை வாங்கலாம். ஆனால் நிறுவனப் பொருளைப் பொதுவெளியில் பரிந்துரைக்கக் கூடாது.

கையெழுத்துக்குப் பிறகு வேலை கம்பெனி செக்ரட்டரியுடையது: பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை, சிறப்புத் தீர்மானம், பாஸ்-4 சலுகைக் கடிதம், பங்குப் பணத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கு. பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் ஒதுக்கீட்டு அறிக்கையான பாஸ்-3. பங்கின் நியாய மதிப்புக்கு மேல் வந்த பணத்துக்கு விதித்த ஏஞ்சல் வரி 2025 ஏப்ரல் முதல் இல்லை என்பதால் அந்தத் தலைவலி போயிற்று. வெளிநாட்டு முதலீட்டாளர் யாராவது இருந்தால் ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கான எஃப்சி-ஜிபிஆர் அறிக்கை. பாஸ்-3 தாக்கலாகும்வரை அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. அச்சு செய்பவருக்கும் மோட்டார் சப்ளையருக்கும் முன்பணத் தேதி கொடுக்கும்போது இந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.